வெந்நீருக்கு ஒரு வகுத்தல் கணக்கு

தொட்டியில்லா வெந்நீர்க் கருவி தண்ணீரைத் தேக்கி வைத்துச் சூடாக்குவதில்லை. ஓடுகிற தண்ணீரை ஓட்டத்திலேயே சூடாக்கிக் குழாய்க்கு அனுப்புகிறது. குழாயைத் திறந்தால் வேலையைத் தொடங்கும், மூடினால் நிறுத்திவிடும். கடைகளில் ‘இன்ஸ்டன்ட் கீசர்’, ‘இன்ஸ்டன்ட் ஹீட்டர்’ என்ற பெயர்களில் கிடைக்கிறது. விலை குறைவு, இடத்தை அடைக்காது, காத்திருக்க வேண்டாம், மின்சாரம் மிச்சம் என்று நான்கு காரணங்களைச் சொல்லி இதை விற்கிறார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பாதி உண்மை. நான்காவது, பயன்படுத்துகிறவரின் பழக்கத்தைப் பொறுத்தது.

தமிழ்நாட்டு வீடுகளில் இந்தக் கருவி குறித்து எழும் புகார்களில் பெரும்பாலானவை கருவியின் கோளாறு அல்ல, தேர்வின் கோளாறு. ‘தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது’, ‘நூல்போல ஒழுகுகிறது’, ‘ஹீட்டரைப் போட்டால் எம்சிபி விழுகிறது’, ‘இரண்டே வருடத்தில் காயில் போய்விட்டது’ ஆகிய ஒவ்வொன்றையும் வாங்குவதற்கு முன்பே கணித்துவிட முடியும். அதற்குத் தெரிய வேண்டியவை நான்கு: வீட்டுக்கு வரும் தண்ணீரின் குளிர்ச்சி, குளிக்கும் முறை, வயரிங்கின் வலு, தண்ணீரின் தன்மை. இந்த நான்கும் அட்டைப்பெட்டியில் இல்லை, வீட்டில் இருக்கின்றன.

பெயர் ஒன்று, கருவி மூன்று

‘இன்ஸ்டன்ட்’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறுபட்ட கருவிகள் விற்பனையாகின்றன. முதலாவது, உண்மையிலேயே தொட்டியில்லாதது. தண்ணீர் உள்ளே வருவதை ஒரு சிறிய ஸ்விட்ச் உணர்ந்ததும் மின்சுருள் சூடேறும். சிங்கப்பூர், மலேசியா அடுக்குமாடி வீடுகளில் ஷவருக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டியிருக்கும் தட்டையான பெட்டி இந்த வகை.

இரண்டாவது, இந்தியச் சந்தையில் மிகுதியாக விற்கும் 1 லிட்டர், 3 லிட்டர் கருவி. இதற்குள் சிறிய தொட்டி உண்டு, தெர்மோஸ்டாட்டும் உண்டு. ஸ்விட்சைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் விட்டால் தொட்டித் தண்ணீர் தெர்மோஸ்டாட் அனுமதிக்கும் அளவுக்குச் சூடேறும். குழாயைத் திறந்ததும் முதலில் வருவது அந்தச் சேமிப்பு. அது தீர்ந்த பின் வருவது ஓட்டத்தில் சூடாகும் தண்ணீர். ஆகவே இதைச் சிறு தொட்டிக் கருவி என்பதே பொருந்தும்.

மூன்றாவது, சமையல் எரிவாயுவில் இயங்கும் கேஸ் கீசர். வளைந்து வளைந்து செல்லும் செம்புக் குழாயின் அடியில் பர்னர் எரிய, உள்ளே ஓடும் தண்ணீர் சூடாகிறது. மூன்றிலும் ஆற்றல் மிக்கது இதுவே. கவனம் தவறினால் உயிருக்கு ஆபத்தானதும் இதுவே.

கிலோவாட், லிட்டர், டிகிரி

எந்த வகையாக இருந்தாலும் இயற்பியல் ஒன்றுதான். 1 லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.19 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இதைக் குளியலறைக் கணக்காக மாற்றினால் எளிய விதி ஒன்று கிடைக்கும்: கருவியின் கிலோவாட்டை 14.3ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி உயர்த்த வேண்டுமோ அதனால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வெந்நீர் வரும் என்பது தெரிந்துவிடும்.

குளிப்பதற்கு 40 டிகிரி போதும். சென்னையில் மார்கழிக் காலையில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் 25 டிகிரியை ஒட்டியிருக்கும். உயர்த்த வேண்டியது 15 டிகிரி. 3 கிலோவாட் கருவியை இந்த விதியில் போட்டால் நிமிடத்துக்கு 2.9 லிட்டர் வரும். உதகமண்டலத்தில் ஜனவரி மாதத் தண்ணீர் 12 டிகிரி அளவுக்கு இறங்கும்போது உயர்த்த வேண்டியது 28 டிகிரி. அதே கருவி அங்கே நிமிடத்துக்கு 1.5 லிட்டர்தான் தரும். கருவி மாறவில்லை, ஊர் மாறியது; வெந்நீர் பாதியாகிவிட்டது. சென்னையில் வாங்கியவர் மெச்சிய மாடலைக் கொடைக்கானலில் வாங்கியவர் திட்டுவதற்குக் காரணம் இதுவே.

சிங்கப்பூரில் 3 கிலோவாட் அளவிலான கருவி ஷவருக்கே ஓரளவு ஈடுகொடுப்பதன் காரணமும் இந்தக் கணக்கில் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுதும் குழாய்த் தண்ணீர் குளிர்ச்சியற்றது. பத்து, பன்னிரண்டு டிகிரி உயர்த்தினால் போதும். ஐரோப்பாவின் குளிரில் குளிப்பதற்கு அது போதாது. அங்கே வீடுகளில் மும்முனை மின்சாரத்தில் 18 முதல் 27 கிலோவாட் வரையிலான கருவிகளைப் பொருத்துகிறார்கள். அமெரிக்க வீடுகளின் பெரிய கேஸ் ஹீட்டர்கள் 58 கிலோவாட் அளவை எட்டுகின்றன. முழு வீட்டுக்கும் தடையற்ற வெந்நீர் என்று அந்நாடுகளில் சொல்லப்படுவது இந்தக் கருவிகளைப் பற்றி. அந்தப் புகழ் 3 கிலோவாட் பெட்டிக்குச் சேராது.

வாளிக்குப் போதும், ஷவருக்குப் போதாது

சாதாரண ஷவர் நிமிடத்துக்கு 6 முதல் 10 லிட்டர் வரை கொட்டும். 3 கிலோவாட் கருவி சென்னைக் குளிரில் தருவது அதில் பாதிகூட இல்லை. ஷவரை முழுதாகத் திறந்தால் வெதுவெதுப்பு. சூடு வேண்டுமென்று குழாயைக் குறைத்தால் ஒழுகல். 4.5 கிலோவாட் கருவி நிமிடத்துக்கு 4.3 லிட்டர் தரும். தண்ணீர் குறைவாகச் செல்லும் கைஷவருக்கு அது போதலாம். தலைக்கு மேலுள்ள அகன்ற ஷவருக்குப் போதாது.

வாளியில் பிடித்துக் குவளையால் மொண்டு ஊற்றிக் குளிக்கும் வீடுகளில் நிலைமை வேறு. 15 லிட்டர் வாளி நிறைய ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அந்த நேரத்தில் பல் துலக்கிவிடலாம். வாளியே இங்கே சேமிப்புத் தொட்டியாகிவிடுவதால், கருவியின் மெதுவான ஓட்டம் குறையாகத் தெரிவதில்லை. தமிழ்நாட்டுச் சமவெளியில் சிறிய உடனடி ஹீட்டர் பரவலாக எடுபட்டதற்கு இந்தக் குளியல் முறையே காரணம். குளியலறையைப் புதுப்பிக்கும்போது ஷவருக்கு மாற நினைப்பவர்கள் ஹீட்டரையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதை அப்போதே கணக்கில் கொள்வது நல்லது.

3 லிட்டர் சிறு தொட்டி இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது? 25 டிகிரித் தண்ணீர் 3 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 3 கிலோவாட் சுருளுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் ஆகும். அதைப் பச்சைத் தண்ணீருடன் கலந்தால் 40 டிகிரியில் 7 லிட்டர் கிடைக்கும். வாளியின் பாதி சடுதியில் நிறைந்ததுபோலத் தோன்றும். மீதிப் பாதிக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டரை நிமிடக் காத்திருப்பையும் சேர்த்தால் மொத்த நேரம் பழைய ஐந்து நிமிடமே. சிறு தொட்டி நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை. காத்திருப்பை முன்னால் நகர்த்தி வைக்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் முகம் கழுவும் இடத்துக்கும் அது மிகப் பொருத்தம். அங்கே தேவைப்படுவது ஒரே தடவையில் சில லிட்டர் மட்டுமே.

2 கிலோவாட் சுருள் கொண்ட 15 லிட்டர் தொட்டி ஹீட்டர் சூடேற 18 நிமிடம் எடுக்கும். ஆனால் அதன் பிறகு 40 டிகிரியில் 35 லிட்டர் வரை, வேண்டிய வேகத்தில் தரும். ஷவருக்கு அது ஏற்றது. இரண்டு பேருக்குப் பின் மூன்றாமவர் மறுபடி காத்திருக்க வேண்டும். தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கும் பெரிய குடும்பத்தில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். தொட்டி ஹீட்டர் வேகமாகக் கொடுத்து ஓய்ந்துவிடும். உடனடி ஹீட்டர் மெதுவாகக் கொடுத்தாலும் கடைசி ஆள்வரை கொடுத்துக்கொண்டிருக்கும்.

மின்சாரம் மிச்சமா?

20 லிட்டர் தண்ணீரை 15 டிகிரி உயர்த்த 0.35 யூனிட் மின்சாரம் செலவாகும். இதை உடனடி ஹீட்டரில் செய்தாலும் தொட்டி ஹீட்டரில் செய்தாலும் வாளியில் போடும் ராடில் செய்தாலும் கணக்கு ஏறத்தாழ ஒன்றே. சுருள் தண்ணீருக்குள் இருப்பதால் மின்சாரம் அனேகமாக முழுதும் வெப்பமாகத் தண்ணீரிலேயே சேர்கிறது. நான்கு பேர் தினமும் ஆளுக்கு 20 லிட்டர் வெந்நீரில் குளிக்கும் வீட்டுக்கு நாளொன்றுக்கு 1.4 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 84 யூனிட்.

மிச்சம் வருவது வேறு இடத்தில். தொட்டி ஹீட்டரை நாள் முழுதும் போட்டே வைத்தால், உள்ளே இருக்கும் சூடு மெல்ல மெல்ல வெளியேறும். தெர்மோஸ்டாட் மறுபடி மறுபடி சூடேற்றும். எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர முத்திரை அளப்பது இந்த நிலை இழப்பைத்தான். நாளுக்கு அரை யூனிட் இப்படி வீணாகிறது என்று கொண்டால் இரண்டு மாதத்தில் 30 யூனிட் ஆகும். குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்பு போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்துவிடும் வீட்டில் இந்த இழப்பு மிகச் சிறியது. ஆகவே மறதிக்கார வீட்டுக்கு உடனடி ஹீட்டர் மின்சாரத்தை மிச்சப்படுத்தும். கவனமான வீட்டுக்குப் பெரிய மிச்சம் எதுவும் இல்லை.

குழாயின் நீளம் இன்னொரு காரணம். அரை அங்குலக் குழாயில் பத்து மீட்டர் நீளத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர்வரை தண்ணீர் நிற்கும். ஹீட்டர் ஓரிடத்திலும் குழாய் வேறிடத்திலும் இருந்தால், ஒவ்வொரு தடவையும் அவ்வளவு பச்சைத் தண்ணீர் வெளியேறிய பிறகே வெந்நீர் வரும். குளித்து முடித்ததும் அவ்வளவு வெந்நீர் குழாயிலேயே ஆறிப்போகும். உடனடி ஹீட்டர் சிறியது என்பதால் குழாய்க்குப் பக்கத்திலேயே பொருத்திவிடலாம். வெந்நீர்க் குழாய் சிபிவிசி வகையாக இருக்க வேண்டும். சாதாரண பிவிசி சூட்டில் இளகி வளைந்துவிடும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் கீழ்ப்படிகளில் உள்ள யூனிட்டுகளுக்கும் கூடுதல் விகிதம் பொருந்தும். ஹீட்டரின் 84 யூனிட் எந்தப் படியில் போய் விழுகிறது என்பதே உண்மையான செலவைத் தீர்மானிக்கிறது. இதில் ஓர் ஆறுதல் உண்டு. வெந்நீர் தேவைப்படும் மாதங்களில் ஏசியும் மின்விசிறியும் ஓய்ந்திருக்கும். சித்திரை வெயிலில் மேல்நிலைத் தொட்டியே வெந்நீர் தந்துவிடுவதால், சமவெளியில் ஹீட்டர் ஆண்டில் சில மாதங்களுக்கே உழைக்கிறது. அவ்வளவு குறைந்த பயன்பாட்டுக்கு விலையுயர்ந்த கருவியில் போட்ட முதல் திரும்பி வராது.

வயரிங் தாங்குமா?

தொட்டி ஹீட்டர் 2 கிலோவாட்டில் மெதுவாகச் செய்வதை உடனடி ஹீட்டர் 3 அல்லது 4.5 கிலோவாட்டில் வேகமாகச் செய்கிறது. யூனிட் ஒன்றாக இருந்தாலும், அந்த நேரத்தில் வயரில் ஓடும் மின்னோட்டம் ஒன்றல்ல. 230 வோல்ட்டில் 3 கிலோவாட் கருவி 13 ஆம்பியர் இழுக்கும்; 4.5 கிலோவாட் கருவி 19.6 ஆம்பியர் இழுக்கும். முன்னதற்கு 16 ஆம்பியர் பவர் பிளக்கும், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும், தனி எம்சிபியும் வேண்டும். பின்னது 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டக் கூடியதே அல்ல. மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயரைத் தனியாக இழுத்து, அதற்கேற்ற டபுள் போல் ஸ்விட்சில் நேரடியாக இணைக்க வேண்டும். பிளக் கருகுவதும் எம்சிபி விழுவதும் பெரும்பாலும் இந்த விதியை மீறியதால் வருபவை.

இரண்டு குளியலறைகளில் இரண்டு 3 கிலோவாட் கருவிகள் ஒரே நேரத்தில் ஓடினால் 26 ஆம்பியர். அதே வேளையில் மோட்டாரும் இன்டக்‌ஷன் அடுப்பும் ஓடினால் ஒருமுனை இணைப்பு திணறும். வீட்டுக்கு ஒப்பளிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்பதைப் பார்த்துவிட்டே இரண்டாவது கருவியை வாங்க வேண்டும். இன்வெர்ட்டரில் இந்தக் கருவிகளை ஓட்ட முடியாது.

மின்னழுத்தம் குறையும் ஊர்களில் இன்னொரு சிக்கல். சுருளின் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் 200ஆகக் குறைந்தால் 3 கிலோவாட் கருவி 2.3 கிலோவாட்டாகிவிடும், 180க்கு இறங்கினால் 1.8. தொட்டி ஹீட்டர் கூடுதலாகச் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டு அதே சூட்டைத் தந்துவிடும். உடனடி ஹீட்டருக்கு அந்த வசதி இல்லை. ஓடுகிற தண்ணீர் அதற்காக நிற்காது. லோ வோல்டேஜ் வழக்கமாக உள்ள கிராமத்தில் உடனடி ஹீட்டர் ஏமாற்றம் தருவதன் காரணம் இதுதான்.

ஈரக் கையும் மின்சாரமும் ஒரே இடத்தில் சந்திக்கும் கருவி என்பதால் எர்த் இணைப்பில் சமரசம் கூடாது. சுருளின் உறையில் விரிசல் விழுந்தால் தண்ணீரே மின்சாரத்தைக் கடத்திவரும். கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, ஹீட்டரின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டிய செலவு. ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே இருப்பது நல்லது. வெந்நீரே ஆபத்தாவதும் உண்டு. 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இன்னும் விரைவில். தெர்மோஸ்டாட் அளவை மாற்றும் வசதியுள்ள கருவியானால் 50 டிகிரியை ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

உப்பும் அழுத்தமும்

கடின நீரைச் சூடாக்கும்போது அதிலுள்ள கால்சியம் கார்பனேட் வெண்படிவமாகச் சுருள்மீது படியும். படிவம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சுருள் உள்ளுக்குள்ளேயே அளவுக்கு மீறிச் சூடேறி எரிந்துபோகும். 25 லிட்டர் தொட்டியில் உதிரும் படிவம் அடியில் தங்க இடம் உண்டு. 1 லிட்டர் கருவியிலும் குறுகிய செம்புக் குழாயிலும் இடம் இல்லாததால் ஓட்டமே அடைபடும். போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் புறநகர் வீடுகளில் உடனடி ஹீட்டரின் ஆயுள் குறைவதற்கு முதன்மையான காரணம் இது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு வழியில்லாதபோது 600 மில்லிகிராமை எல்லையாகவும் வைத்திருக்கிறது. பல போர்வெல்கள் இந்த எல்லையையும் தாண்டுகின்றன.

டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண்ணைக் கடினத்தன்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது கரைந்துள்ள எல்லா உப்புகளின் மொத்தம். கடினத்தன்மை படிவத்தை உண்டாக்கும்; சோடியம் குளோரைடு மிகுந்த உவர்நீர் உலோகத்தை அரிக்கும். முன்னதற்குக் குறைந்த சூட்டில் இயக்குவதும், ஆண்டுக்கொரு முறை சிட்ரிக் அமிலக் கரைசலால் கழுவிவிடுவதும் உதவும். பின்னதற்கு அரிப்பைத் தாங்கும் சுருளும் உட்பூச்சுள்ள தொட்டியும் வேண்டும். தண்ணீரைச் சோதித்துப் பார்க்க ஆகும் செலவு புதிய சுருளின் விலையைவிடக் குறைவு.

தண்ணீரின் அழுத்தமும் தேர்வில் பங்கு வகிக்கிறது. உயரம் பத்து மீட்டருக்கு ஒரு பார் என்பது கணக்கு. மாடித் தொட்டியின் அடிமட்டம் குழாயைவிட இரண்டு மீட்டர் மட்டுமே உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.2 பார். ஓட்டத்தை உணர்ந்து இயங்கும் தொட்டியில்லாக் கருவியும் கேஸ் கீசரும் அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் இயங்காமலே போகலாம். மேல்தளத்து வீடுகளில் ‘கீசர் பற்றவே மாட்டேன் என்கிறது’ என்ற புகாருக்கு விடை மொட்டை மாடியில் இருக்கிறது. எதிர்முனையில், பத்து மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளங்களில் அழுத்தம் 3 பாரை ஒட்டிவரும். பிரஷர் பம்ப் இருந்தால் இன்னும் கூடும். கருவியின்மீது அச்சிட்டிருக்கும் தாங்கு அழுத்தத்தை அங்கே பார்த்து வாங்க வேண்டும்.

கேஸ் கீசர்: திறனும் ஆபத்தும்

‘6 லிட்டர்’ என்று விற்கப்படும் கேஸ் கீசர், 25 டிகிரி உயர்வில் நிமிடத்துக்கு 6 லிட்டர் தரக்கூடியது. அதாவது பத்தரை கிலோவாட். நம் வீட்டு மின்கருவிகள் எட்ட முடியாத இந்த ஆற்றலால் ஷவரையும் சமாளிக்கும், மலைக் குளிரையும் சமாளிக்கும். பொறியைத் தருவது இரண்டு பேட்டரிகள் என்பதால் மின்வெட்டு இதைப் பாதிக்காது.

செலவிலும் இது போட்டி போடுகிறது. 14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 180 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. கருவி அதில் 80 சதவீதத்தைத் தண்ணீருக்குக் கொடுப்பதாகக் கொண்டால் 145 யூனிட். நான்கு பேர் குடும்பத்துக்குச் சமவெளியில் மூன்று மாதத்துக்கு மேல் வரும். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் ஒரு யூனிட்டுக்கு ஆறு ரூபாய்ச் சொச்சம். மின்கட்டணத்தின் கீழ்ப்படிகளில் உள்ள வீட்டுக்கு மின்சாரம் மலிவு. மேல்படிகளில் உள்ள வீட்டுக்கு கேஸ் மலிவு.

ஆனால் செலவுக் கணக்குக்கு முன்னால் காற்றுக் கணக்கைப் போட வேண்டும். இந்தக் கருவி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எரிவாயுவை எரிக்கிறது. அதற்கு 13 கன மீட்டர் காற்று தேவை. 5 அடிக்கு 7 அடிக் குளியலறையில், 8 அடி உயரம் வரை நிறைந்திருக்கும் மொத்தக் காற்றே 8 கன மீட்டர்தான். கதவும் ஜன்னலும் மூடிய அந்த அறைக்குள் கருவி கால் மணி நேரம் எரிந்தால், அங்குள்ள காற்றில் ஐந்தில் இரண்டு பங்கில் உள்ள ஆக்சிஜனை அது எடுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் முழுமையடையாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகும். சிலிண்டர் வாயுவுக்கு எச்சரிக்கை மணம் சேர்க்கப்பட்டிருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, கால் தளர்ச்சி, மயக்கம் என்று பாதிப்பு சில நிமிடங்களில் வளரும். உள்தாழ்ப்பாள் போட்ட அறையில் விழுந்தவரை வெளியே இருப்பவர்கள் அறிய நேரமாகிறது. வலிப்பு என்று எண்ணி அதற்கான மருத்துவம் பார்க்கப்பட்டவர்களைப் பற்றி இந்திய நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குளிர்காலந்தோறும் கேஸ் கீசர் மரணச் செய்திகள் நாட்டின் ஏதாவதொரு நகரிலிருந்து வருகின்றன.

லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் 1868இல் கேஸ் கீசரை உருவாக்கியபோது அதில் புகைபோக்கி இல்லை. பின்னால் வந்தவர்கள் கற்றுத் திருத்திய அந்தக் குறை, புகைபோக்கி இல்லாமல் குளியலறைச் சுவரில் மாட்டப்படும் ஒவ்வொரு கருவியிலும் இன்றும் தொடர்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் அணைந்துவிடும் உணரியும், இருபது நிமிடத்தில் தானாக நிற்கும் அமைப்பும் பல மாடல்களில் இருக்கின்றன. அவை கடைசி அரண். அவற்றை நம்பிக் கருவியை உள்ளே மாட்டலாம் என்று பொருளல்ல. எக்ஸாஸ்ட் ஃபேனும் மாற்று அல்ல. புதிய காற்று உள்ளே வர வழியில்லாதபோது அது எதையும் வெளியேற்றாது. கேஸ் கீசரும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள பால்கனியிலோ பின்கட்டிலோ இருக்க வேண்டும்; வெந்நீர் மட்டும் குழாய் வழியே உள்ளே வர வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாத வீட்டுக்கு கேஸ் கீசர் பொருந்தாது. அதில் விதிவிலக்கு வேண்டியதில்லை.

எந்த வீட்டுக்கு எது?

சமவெளியில் இரண்டு மூன்று பேர் வாளியில் குளிக்கும் வீட்டுக்கு 3 கிலோவாட் உடனடி ஹீட்டர் நிறைவான தேர்வு. தண்ணீர் மிகக் கடினமாக இருந்தால் மட்டும் மறுபரிசீலனை தேவை. வாடகை வீட்டுக்கும் இதுவே வசதி; இரண்டு திருகாணிகளைக் கழற்றி அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். ஷவரில் குளிப்பவர்களுக்கு 15 அல்லது 25 லிட்டர் தொட்டி ஹீட்டரே ஏற்றது. லோ வோல்டேஜ் உள்ள ஊரிலும், பழைய வயரிங்கை மாற்ற வழியில்லாத வீட்டிலும் 2 கிலோவாட் தொட்டி ஹீட்டர் பாதுகாப்பானது. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்கு மின்சார உடனடி ஹீட்டர் சமையலறைக்கு மட்டுமே உதவும். குளிப்பதற்குப் பெரிய தொட்டி ஹீட்டரோ, வெளியே பொருத்திய கேஸ் கீசரோ வேண்டும். சூரிய ஒளி ஹீட்டர் உள்ள வீட்டில் மழைக்கால மூட்டத்தின்போது தண்ணீர் அரைச்சூட்டில் வரும். மீதிப் பத்து டிகிரியை ஏற்ற உடனடி ஹீட்டர் நல்ல துணை; சூடான தண்ணீர் உள்ளே வருவதை ஏற்கும் மாடலாக இருக்க வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய முத்திரைகள் வகைக்கு ஒன்று. மின்சார உடனடி ஹீட்டருக்கு ஐஎஸ் 8978, தொட்டி ஹீட்டருக்கு ஐஎஸ் 2082, கேஸ் கீசருக்கு ஐஎஸ் 15558. ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே அச்சிட்ட உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். நட்சத்திர முத்திரை தொட்டி ஹீட்டருக்கு உரியது. உடனடி ஹீட்டரில் அதைத் தேடுவதிலோ காட்டி விற்பதிலோ அர்த்தமில்லை.

அட்டைப்பெட்டி சொல்ல வேண்டியது

வாங்குபவர் இவ்வளவு கணக்குப் போட வேண்டியிருப்பதே ஒரு குறைபாடு. கேஸ் கீசர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற அளவில் விற்கப்படுகிறது. மின்சார உடனடி ஹீட்டர் தொட்டியின் கொள்ளளவில் விற்கப்படுகிறது. 3 லிட்டர் என்ற எண்ணைப் பார்ப்பவர் அது தொட்டியின் அளவா, ஓட்டத்தின் அளவா என்று அறிய வழியில்லை. 15 டிகிரி உயர்விலும் 25 டிகிரி உயர்விலும் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரும் என்ற இரண்டு எண்களை அட்டையின் முகப்பில் அச்சிடச் செய்தால் பாதிக் குழப்பம் தீரும். எத்தனை ஆம்பியர், எந்த அளவு வயர், குறைந்தபட்ச நீரழுத்தம் எவ்வளவு என்பவையும் அதே இடத்தில், தமிழில், இருக்க வேண்டும். இவை நிறுவனங்களிடம் ஏற்கெனவே உள்ள விவரங்கள். புதிய சோதனை எதுவும் தேவையில்லை.

கேஸ் கீசருக்கு இது போதாது. சமையல் அடுப்புக்கு ஏஜென்சி ஆள் வந்து இணைப்பைப் பார்க்கிறார். அதைவிடப் பல மடங்கு வேகமாக எரிவாயுவை எரிக்கும் கருவியோ கடையில் பணம் கொடுத்தவுடன் கைக்கு வந்துவிடுகிறது. பொருத்தும் இடத்தைப் பயிற்சி பெற்றவர் பார்த்து எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே கருவி வீட்டுக்குப் போக வேண்டும் என்ற விதி, குளிர்கால மரணங்களில் பெரும்பகுதியைத் தடுக்கும். புதிய குடியிருப்புகளைக் கட்டுபவர்கள் குளியலறைக்கு 4 சதுர மில்லிமீட்டர் தனி வயரும், பின்கட்டிலிருந்து ஒரு வெந்நீர்க் குழாயும் முதலிலேயே போட்டுவிட்டால், பிற்பாடு எந்த வகையைத் தேர்ந்தாலும் சுவரை உடைக்க வேண்டியிராது. கட்டும்போது அதற்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு ஹீட்டரின் விலையைத் தாண்டாது.